மான்கெல் ஏமாற்றிவிட்டாரா?

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஸ்காண்டிநேவியத் துப்பறியும் நாவல்களைப் பற்றி நண்பர்கள் சொல்லிச் சொல்லி ஆசை மூட்டிவிட்டார்களாம். லஸ் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் ஹென்னிங் மான்கெலின் 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்து, கசந்துபோய் எழுதியிருக்கிறார். அவருடைய குறைகள் இவை: முதல் பாதியில் ஒன்றுமே நகரவில்லை. துப்பறியும் அதிகாரி துப்பறிவதைவிட அதிக நேரம் குடிக்கிறார், தூக்கமில்லாமல் அலைகிறார், அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறார். தவறான ஆளின் பின்னால் பல வாரங்கள் வீணாகின்றன. கடைசியில் ஒரு வங்கிப் பெண் ஊழியரின் ஞாபகசக்தியால் குற்றவாளிகள் சிக்குகிறார்கள். அவர்களோ கதையில் அதுவரை முகம் காட்டாதவர்கள். "இது மொழிபெயர்ப்பின் கோளாறா, மூலமே இப்படித்தானா? இந்த வகையை இதோடு விட்டுவிடலாமா?" என்று கேட்டு முடிக்கிறார்.

நாவலின் முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் மொழிபெயர்ப்பை விடுவித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் அது நிரபராதி. மான்கெல் இந்த நாவலை ஸ்வீடிஷ் மொழியில் 1991இல் வெளியிட்டார். 1997இல் வந்த ஆங்கில வடிவம் ஸ்டீவன் மர்ரி செய்தது. அவர் ஸ்வீடிஷிலிருந்து நேராக மொழிபெயர்த்தவர், இடையில் வேறு மொழி கிடையாது. உங்களுக்கு வறட்சியாகப் பட்ட அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள் மான்கெலுடையவை. அலங்காரத்தை அவர் தள்ளிவைத்தே எழுதுவார். "காரில் ஏறினான். மணி ஏழு. காற்று பலமாக இருந்தது" என்ற தோரணையில்தான் ஓடும். அதை ஆங்கிலத்தில் மெருகேற்றியிருந்தால்தான் குற்றம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்காண்டிநேவிய நாவல்களில் உண்மையாகவே மொழிபெயர்ப்புத் தகராறு நடந்த இடங்கள் உண்டு. டேனிஷ் எழுத்தாளர் பீட்டர் ஹோவின் ஸ்மில்லா நாவலை டீனா நன்னலி மொழிபெயர்த்தார். பிரிட்டிஷ் பதிப்பில் ஆசிரியரும் பதிப்பகமும் செய்த மாற்றங்களை அவரால் ஏற்க முடியவில்லை. அந்தப் பதிப்பு அவர் பெயர் இல்லாமல் ஒரு புனைபெயரில் வெளிவந்தது. ஸ்டீக் லார்சனின் மூன்று நாவல்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் 'ரெக் கீலண்ட்' என்று அட்டையில் பார்த்திருப்பீர்கள். அவர் வேறு யாருமில்லை, இதே ஸ்டீவன் மர்ரிதான். தன் பிரதியில் பதிப்பாசிரியர் கைவைத்த விதம் பிடிக்காமல் பெயரை மாற்றிக்கொண்டார். அந்த முதல் நாவலுக்கு ஸ்வீடிஷில் வைத்த தலைப்புக்கு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பொருள். ஆங்கிலத்தில் அது பச்சை குத்திய பெண்ணைப் பற்றிய தலைப்பாக மாறியது. சமூகத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு ஒரு பெண்ணின் முதுகுக்கு இடம் மாறியது எனக்கு இன்றும் ஆறாத கோபம். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் அப்படி எதுவும் நேரவில்லை.

ஆகவே கோளாறு வேறு இடத்தில். உங்கள் கடிதத்தின் கடைசிக் குறையைப் பாருங்கள்: குற்றவாளி கதையில் அதுவரை வராதவன். இந்தக் குறைக்கு ஒரு பழைய சட்டப் பிரிவே உண்டு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றில் முதல் கட்டளையே, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதுதான். அகதா கிறிஸ்டி தலைமுறையின் ஆட்டவிதி அது. வாசகனும் துப்பறிவாளனும் ஒரே தடயங்களை வைத்துக்கொண்டு போட்டி போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் எழுத்தாளர் சீட்டை விரிக்கும்போது "அட, நமக்கும் தெரிந்திருக்க வேண்டுமே" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் நாம் வளர்ந்ததும் ஏறக்குறைய இந்த விதியில்தான். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்த காலத்திலிருந்தே நமக்குத் துப்பறியும் கதை என்றால் வேகம், மர்மம், கடைசியில் முகமூடி கழலும் தருணம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாருக்கும் தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் தோல்வி என்பது கிடையாது. பிறகு கணேஷும் வசந்தும் வந்தார்கள். விவேக், பரத், நரேந்திரன் எல்லாம் மாத நாவல்களாக ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தொங்கினார்கள். கடற்கரையில் மின்சார ரயில் ஏறும்போது பிரித்தால் தாம்பரம் வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டிருப்பான். அந்த எழுத்துக்கு ஒரு கைத்திறன் வேண்டும். அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அது வாசகனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்று, மான்கெல் செய்துகொள்ளும் ஒப்பந்தம் வேறொன்று. அட்டையில் "விறுவிறுப்பான த்ரில்லர்" என்று அச்சிட்டு விற்கிறவர்கள் அதைச் சொல்லுவதில்லை. உங்கள் ஏமாற்றத்தில் பாதி அந்த அட்டைக்குரியது.

அந்த வேறு ஒப்பந்தத்தை எழுதியவர்கள் மை ஷேவால், பேர் வாலே என்ற இணையர். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பத்துக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பொதுத் தலைப்பு 'ஒரு குற்றத்தின் கதை'. இருவரும் இடதுசாரிகள். குழந்தைகள் தூங்கிய பிறகு மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதுவார்களாம். அந்த 'ஒரு குற்றம்' எது என்றால், உழைப்பாளிகளின் பெயரால் கட்டப்பட்ட மக்கள்நல அரசு அதே உழைப்பாளிகளைக் கைவிட்டது. அவர்களுடைய முதல் நாவலில் ஒரு கால்வாயிலிருந்து பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார், பெயர் என்ன என்று தெரியவே மாதங்கள் ஆகின்றன. அவள் பயணம் செய்த படகில் இருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலீஸ்காரர்கள். மார்ட்டின் பெக் என்ற அந்த அதிகாரிக்கு ஓயாத சளி, வயிற்றுக் கோளாறு, ஒட்டாத குடும்பம். மேதை என்று சொல்ல அவரிடம் எதுவும் கிடையாது. பிடிவாதம் உண்டு, பொறுமை உண்டு.

மான்கெலின் குர்ட் வாலண்டர் இந்த மார்ட்டின் பெக்கின் நேர் வாரிசு. ஆனால் இருவருக்கும் இடையில் ஸ்வீடனில் ஒரு பெரிய சம்பவம் நடந்துவிட்டது. 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஊலோஃப் பால்மே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு, மெய்க்காப்பாளர் யாரும் இல்லாமல் ஸ்டாக்ஹோம் தெருவில் நடந்துவந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை பல பத்தாண்டுகள் இழுத்தது. கொலை வழக்குகளுக்கு அந்நாட்டில் இருந்த 25 ஆண்டுக் காலவரம்பு முடிந்துவிடும் நிலை வந்தபோது, 2010இல் சட்டத்தையே மாற்றினார்கள். கடைசியில் 2020இல் அரசு வழக்கறிஞர், தாம் சந்தேகிக்கும் ஆள் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று சொல்லி வழக்கை மூடினார். நாட்டின் பிரதமரைக் கொன்றது யார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாத நாட்டில், ஒரு துப்பறியும் மேதையை எழுதினால் அங்குள்ள வாசகன் எப்படி நம்புவான்? வாலண்டரின் தடுமாற்றம் அந்த நாட்டின் தடுமாற்றம்.

இனி உங்கள் நாவலுக்குள் வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயதான விவசாயத் தம்பதியின் கொலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாலண்டரின் விவாகரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அகதி முகாமின் அருகே சுட்டுக் கொல்லப்படும் சோமாலியரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த நாவலின் இதயம் அந்தக் கொலைதான் என்று நான் நினைக்கிறேன்.

எப்படி நடக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 1990 ஜனவரியில் ஒரு விடியற்காலை, ஸ்கோனே மாவட்டத்தின் பண்ணை வீட்டில் கிழவர் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். மனைவி குற்றுயிராக மருத்துவமனைக்குப் போகிறார். சாவதற்கு முன் 'வெளிநாட்டவர்' என்று பொருள்படும் ஒரே சொல்லை முனகிவிட்டுப் போகிறார். அந்தச் சொல் வெளியே போனால் என்ன நடக்கும் என்று வாலண்டருக்கும் மூத்தவரான ரிட்பெர்குக்கும் தெரியும். அடக்கி வைக்கப் பார்க்கிறார்கள். காவல் நிலையத்திலிருந்தே யாரோ அதைத் தொலைக்காட்சிக்குக் கசியவிடுகிறார்கள். அவ்வளவுதான், மிரட்டல் தொலைபேசிகள் வருகின்றன, அகதிகள் தங்கியிருக்கும் இடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது, அந்தக் கிழவரைப் பார்த்தே இராத ஒரு சோமாலியர் சாகிறார். அதற்குப் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் முன்னாள் போலீஸ்காரர்.

அதாவது முதல் கொலையைச் செய்தவன் யார் என்பது ஒரு புதிர். இரண்டாவது கொலையைச் செய்தது யார் என்பதில் அவ்வளவு புதிர் இல்லை. அதில் ஒரு நாடே கைகோத்திருக்கிறது. கசியவிட்டவர், ஒளிபரப்பியவர், தொலைபேசியில் மிரட்டியவர், "அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே" என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டவர். வாலண்டரையும் மான்கெல் அந்த வரிசையிலிருந்து முழுதாக விலக்கவில்லை. அகதிகளைப் பற்றி அவருக்குள் எழும் எரிச்சலை ஒளிக்காமல் எழுதுகிறார்.

இது எழுத்தாளரின் வெறும் கற்பனைப் பயம் அன்று. கதை நடக்கும் ஈஸ்டாட் நகரத்துக்கு வடக்கே, பக்கத்திலேயே ஷோபோ என்ற ஊர் இருக்கிறது. 1988 செப்டம்பரில் அந்த ஊராட்சி, அகதிகளை ஏற்கலாமா கூடாதா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். 1989 டிசம்பரில் அரசே அடைக்கல விதிகளை இறுக்கியது. அடுத்த மாதத்தில் மான்கெல் தன் கதையைத் தொடங்குகிறார். ஆப்பிரிக்காவில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, தாய்நாட்டில் இனவெறுப்பு வளர்ந்திருந்ததைக் கண்டார். அதைப் பற்றி எழுத முடிவு செய்து, இனவெறுப்பு ஒரு குற்றம் என்பதால் குற்றக்கதை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். போலீஸ்காரர் தேவைப்பட்டார், தொலைபேசிக் கையேட்டைப் புரட்டி வாலண்டர் என்ற பெயரை எடுத்தார். நாவல் வெளிவந்த அதே 1991 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒருவன் வெளிநாட்டுத் தோற்றம் கொண்டவர்களைத் தேடித் தேடிச் சுடத் தொடங்கினான். 1992 ஜனவரிக்குள் பதினொரு பேரைச் சுட்டான், ஒருவர் இறந்தார்.

சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நமக்கு அகதி முகாம் என்பது தூரத்து விஷயமும் இல்லை. 1983க்குப் பிறகு ராமேஸ்வரக் கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களைப் பற்றி இங்கே வீடுகளில் என்னென்ன பேசப்பட்டது, காலப்போக்கில் அந்தப் பேச்சு எப்படி மாறியது என்பது நமக்குத் தெரியும். நார்வேயிலும் டென்மார்க்கிலும் அந்த ஆண்டுகளில் அடைக்கலம் கேட்டு நின்றவர்களில் ஈழத்தமிழர்கள் இருந்தார்கள். அந்த முகாமின் இருட்டில் நின்றவர் நமக்குத் தெரிந்தவராக இருந்திருக்கலாம். இந்தக் கண்ணோடு இரண்டாம் முறை அந்த அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது முடிவு. கிழவர் பெரும்பணத்தை வங்கியில் எடுத்த நாளில் வரிசையில் நின்றவர்கள் யார் என்று காசாளர் நினைவுகூர்கிறார்; அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் குற்றவாளிகள் உண்மையிலேயே வெளிநாட்டவர்கள். உங்களுக்கு இது சப்பென்று இருந்தது. அங்கேயும் பலர் முகம் சுளித்தார்கள்: இனவெறுப்புக்கு எதிரான நாவலில் கடைசியில் வதந்தியே உண்மையாகிவிட்டதே என்று. குற்றவாளி உள்ளூர்க்காரன் என்று முடித்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். வெறுத்தவர்கள் தவறு, நாம் சரி என்று புத்தகத்தை மூடிவிடலாம். மான்கெல் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறார். கொன்றவர்கள் வெளிநாட்டவர்கள் என்பது உண்மை. அதனால் சோமாலியரின் சாவு கடுகளவும் நியாயமாகிவிடவில்லை. வதந்தி பொய் என்பதால்தான் வன்முறை தவறு என்று வாதாடுகிறவன், வதந்தி மெய்யாகும் நாளில் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பலவீனமான வாதத்தை அவர் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார். என் மதிப்பீட்டில் இந்த நாவலின் துணிச்சலான இடம் இதுதான்.

வங்கி ஊழியரின் நினைவாற்றலைப் பற்றி: அது அதிர்ஷ்டம்போலத் தோன்றுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மாதங்கள் கழித்து, எல்லாப் பாதைகளும் அடைபட்ட பிறகு, பழைய கோப்புகளை மறுபடி புரட்டும்போது வருகிறது. உண்மையான காவல் பணி அப்படித்தான் இருக்கும். நம் ஊர் ஆளவந்தார் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 ஆகஸ்டில் எழும்பூரிலிருந்து போன ரயிலில் நாற்றமெடுத்த டிரங்குப் பெட்டி மானாமதுரையில் இறக்கப்படுகிறது, உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைக்கிறது. அதை யாரும் அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காணவில்லை என்று வந்த புகார், சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரேதப் பரிசோதனை, ராணுவத்தில் இருந்த காலத்துக் கைரேகைப் பதிவு என்று தாள்மேல் தாளாக வைத்துத்தான் இறந்தவர் ஆளவந்தார் என்று நிறுவினார்கள். மான்கெல் எழுதுவது அந்தத் தாள்களைப் பற்றி. கிழவருக்கு இருந்த ரகசிய வாழ்க்கையைத் துருவி, அவருடைய மறைமுக மகனைத் துரத்தி, கடைசியில் அவன் இல்லை என்று தெரிந்துகொள்ளும் அந்த நீண்ட பகுதி வீண் என்று உங்களுக்குப் பட்டது. விசாரணையின் பெரும்பகுதி 'இவன் இல்லை' என்று தெரிந்துகொள்வதிலேயே கழியும் என்பதை அந்தப் பகுதியைவிட நன்றாகக் காட்டிய நாவல்கள் குறைவு.

வாலண்டரின் சோகம் மிகை என்கிறீர்கள். மனைவி போய்விட்டாள், மகள் பேசுவதில்லை, ஒரே நிலக்காட்சியைத் திரும்பத் திரும்ப வரையும் அப்பாவுக்கு மறதி நோய் தொடங்குகிறது. அதோடு அந்தப் பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜனவரித் தொடக்கத்தில் ஈஸ்டாட்டில் பகல் ஏழு மணி நேரம் சொச்சம்தான். சென்னையில் எந்த மாதத்திலும் அது 11 மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. பனிமலைகளை எதிர்பார்த்தேன், சேறும் காற்றும்தான் கிடைத்தன என்று நீங்கள் எழுதியது சரியான அவதானிப்பு. ஸ்கோனே ஸ்வீடனின் தெற்குக் கோடி, சமதரை, வயல்வெளி. ஈஸ்டாட் துறைமுகத்திலிருந்து போலந்துக்குக் கப்பல் போகிறது. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற அந்த ஊரின் பதற்றம் கதைக்கு அவசியம்.

குடியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்வீடனில் மதுவைச் சில்லறையில் விற்பது பெரும்பாலும் அரசு நிறுவனம்தான், ஞாயிற்றுக்கிழமை அதன் கடை கிடையாது. 2003 முதல் டாஸ்மாக்கைப் பார்த்துவரும் நமக்கு, குடியைக் கட்டுப்படுத்துவதும் அதை விற்பதும் ஒரே அரசாக இருப்பதன் விசித்திரத்தை விளக்க வேண்டியதில்லை. வாலண்டர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, தன் கீழ்நிலைக் காவலர்களிடமே மாட்டிக்கொள்கிறார். அவர்கள் வழக்குப் போடாமல் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது வெறும் பாத்திரச் சித்திரிப்பு என்று நான் படிக்கவில்லை. காவல் துறை தன் ஆளைக் காப்பாற்றிக்கொள்வதை அவர் போகிறபோக்கில் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொன்றும் உங்களைத் தள்ளி நிறுத்தியிருக்கும். அந்தக் காவல் நிலையத்தில் 'ஐயா' கிடையாது, விறைத்து நின்று சல்யூட் அடிப்பது கிடையாது. 1960களின் இறுதியிலிருந்து ஸ்வீடிஷ்காரர்கள் பட்டமும் மரியாதைப் பன்மையும் விட்டுவிட்டு எல்லாரையும் ஒருமையில் அழைக்கப் பழகிவிட்டார்கள். அதிகாரம் குரலில் வெளிப்படாத உரையாடல் நம் காதுக்குச் சூடில்லாமல் கேட்கும். நம் நாவல்களில் ஒரு இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிடும் விதத்திலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். அங்கே அது மௌனங்களில் இருக்கிறது. ரிட்பெர்க் வலியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், வாலண்டர் அதைப் பார்த்தும் கேட்காமல் இருப்பதையும் கவனித்தால் அந்த நிலையத்தின் உறவுமுறை விளங்கும்.

இவ்வளவு வாதாடினாலும், உங்கள் பக்கம் நிற்கும் இடங்களும் உண்டு. அரசு வழக்கறிஞராக வரும் அனெட் ப்ரோலினிடம் வாலண்டர் போதையில் நடந்துகொள்ளும் விதமும், நாவல் அதை அவருடைய தனிமையின் கணக்கில் எழுதிவிட்டு நகர்வதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஒரு பெண் அதிகாரி அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று மான்கெல் இன்னும் யோசித்திருக்க வேண்டும். சோமாலியரும் ஒரு சாவாக மட்டுமே நாவலில் இருக்கிறார், ஓர் ஆளாக வளரவில்லை. அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம். நாவலின் மையம் என்று நான் சொல்லும் மனிதருக்கு நாவல் கொடுத்த பக்கங்கள் மிகக் குறைவு. பின்னால் வந்த நாவல்களில் அவர் இதில் வெகுதூரம் முன்னேறினார்.

அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். வரிசைப்படி இரண்டாவது 'தி டாக்ஸ் ஆஃப் ரீகா'. அதை இப்போது எடுக்காதீர்கள், அதில் வாலண்டர் லாட்வியாவுக்குப் போய் உளவுக்கதை நாயகனாக முயல்கிறார், பொருந்தவில்லை. நேராக ஐந்தாவது நாவலான 'சைட்ராக்டு'க்குப் போங்கள். 1994 கோடைக்காலம், உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருக்கிறது, மஞ்சள் பூத்த கடுகினப் பயிர் வயலில் ஒரு சிறுமி தன்னைத்தானே எரித்துக்கொள்கிறாள். உங்களுக்கு வேகம் வேண்டும் என்றால் அதில் இருக்கிறது. 2001இல் பிரிட்டனின் கோல்டு டாகர் விருது அதற்குக் கிடைத்தது. கொலைகாரன் யார் என்று வாசகனுக்கு முன்கூட்டியே தெரியவரும், அதனால் புதிர் விதியோடு மோத வேண்டியிருக்காது.

மான்கெலே வேண்டாம் என்றால் ஐஸ்லாந்தின் ஆர்னால்தூர் இந்த்ரிதாசொன் எழுதிய 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்'. வீடு கட்டத் தோண்டிய இடத்தில் பழைய எலும்புக்கூடு. அதன் வழியே ஒரு குடும்பத்துக்குள் பல ஆண்டுகள் நடந்த அடிதடியைத் திறந்து காட்டுகிறார். 2003இல் நோர்டிக் நாடுகளின் கண்ணாடிச் சாவி விருது பெற்றது. அங்கே குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இந்த்ரிதாசொன் என்றால் இந்த்ரிதியின் மகன் என்று அர்த்தம். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு அந்த நாவல்களின் பெயர்க்குழப்பம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெளிந்துவிடும்.

நார்வேயின் ஜோ நெஸ்போவை யாராவது பரிந்துரைத்தால் எதில் தொடங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். ஆங்கிலப் பதிப்பாளர்கள் ஐந்தாவது நாவலை 2005இல் முதலில் வெளியிட்டு, மூன்றாவதைப் பிறகு கொண்டுவந்து, முதல் நாவலை 2012இல்தான் வெளியிட்டார்கள். அந்த வரிசையில் படித்தவர்களுக்கு மூன்று நாவல்களில் கட்டிய ஒரு பெரிய மர்மம் முதல் புத்தகத்திலேயே உடைந்துபோனது. 'தி ரெட்பிரெஸ்ட்', 'நெமிசிஸ்', 'தி டெவில்ஸ் ஸ்டார்' என்ற வரிசையில் படியுங்கள்.

தமிழில் ஸ்காண்டிநேவியா வேண்டும் என்று தோன்றினால், நமக்கு அந்தக் கதவை வெகுகாலம் முன்பே க.நா.சு. திறந்துவிட்டார். செல்மா லாகர்லெவின் 'மதகுரு', நட் ஹாம்சனின் 'நிலவளம்', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி' மூன்றும் அவர் கையால் வந்தவை, மூன்றும் ஆங்கிலம் வழியாக வந்தவை. குற்றக்கதைகள் அல்ல. ஆனால் 'அன்பு வழி'யில் பரபாஸ் என்ற கொள்ளைக்காரன், தனக்குப் பதிலாக இன்னொருவன் சிலுவையில் ஏறியதைப் புரிந்துகொள்ள முடியாமல் வாழ்நாள் முழுவதும் தவிப்பதைப் படித்தவர்களுக்கு, வாலண்டரின் தவிப்பு எந்த நிலத்திலிருந்து வருகிறது என்பது எளிதில் பிடிபடும். கடையில் கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் விசாரியுங்கள். 'சைட்ராக்டு' படித்த பிறகும் இதே கசப்பு இருந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது வாலண்டரை விட்டுவிட்டு ஷேவால்–வாலேயின் 'தி லாஃபிங் போலீஸ்மேன்' பற்றிப் பேசுவோம்.